வீட்டுப் பொருட்களின் பருமன், நிறை, அடர்த்தி: அளவு ஜாடி இல்லாமல் அளக்க முடியுமா?

ஏழாம்வகுப்பு_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கனசதுரம், உருளை என்றால் பிள்ளைகள் சூத்திரம் போட்டுப் பருமனைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒழுங்கில்லாத பொருள் என்று வந்தால் பாடப்புத்தகம் அளவு ஜாடியைக் காட்டுகிறது. தண்ணீர் ஊற்று, கல்லைப் போடு, மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்.

எங்களிடம் இருப்பது 100 மில்லி ஜாடி. ஒரு கோட்டுக்கு ஒரு மில்லி. அதன் வாய்க்குள் நுழைகிற கல் எல்லாம் பொடிக்கல்தான். சாவி, காசு, மோதிரம் என்று எதைப் போட்டாலும் மட்டம் ஏறியதா இல்லையா என்பதிலேயே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தண்ணீரின் மட்டம் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். எந்த இடத்தைப் பார்த்துப் படிப்பது என்பது அடுத்த சண்டை.

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலேயே ஒரு பொருளை அளந்து, அட்டவணையோடு ஒப்பிடத் தகுந்த ஒரு எண்ணைக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. சில வீடுகளில் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருக்கிறது. இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளித் தராசைக் கொடுக்கலாம். இதை வைத்துக்கொண்டு பருமனை நம்பகமாக அளக்க வழி உண்டா?

தராசுமுள்

உண்டு டீச்சர். அளவு ஜாடியை மறந்துவிடுங்கள். பருமனையும் தராசே சொல்லும்.

ஒரு பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்துத் தராசின் மேல் வையுங்கள். பூஜ்யம் பொத்தானை அழுத்துங்கள். கல்லை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். அத்தனை கிராம் என்பது கல் ஒதுக்கித்தள்ளிய தண்ணீரின் நிறை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி என்பதால் அதுவே கல்லின் பருமன்.

இப்போது நூலைத் தளர்த்திக் கல்லைப் பாத்திரத்தின் அடியில் உட்காரவிடுங்கள். எண் குபுக்கென்று ஏறும். அது கல்லின் நிறை. ஒரே அமைப்பில் இரண்டு அளவும் கிடைத்துவிட்டது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அடர்த்தி, அதாவது ஒரு மில்லிக்கு எத்தனை கிராம் என்ற எண்.

வீடு கட்டக் கொட்டியிருந்த கருங்கல் ஜல்லியில் பெரியதாக ஒன்றை எடுத்து இப்படி அளந்தேன். தொங்கும்போது 118, உட்கார்ந்ததும் 312. வகுத்தால் 2.64. கருங்கல்லுக்கு அட்டவணையில் 2.6 முதல் 2.7 வரை போட்டிருப்பார்கள். ஒரு கிராம் தராசுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நூலைக் கையில் பிடிக்க வேண்டாம், கை ஆடினால் எண்ணும் ஆடும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, மேலே ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்து, அதில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டைப்பையன்

சார், எனக்கு ஒரு சந்தேகம். கல் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதன் எடையை நூல்தானே தாங்குகிறது? அப்புறம் ஏன் தராசில் 118 கூட வேண்டும்? தண்ணீர் பாத்திரத்தைவிட்டு வெளியே போகவும் இல்லை, புதிதாக உள்ளே வரவும் இல்லையே.

தராசுமுள்

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. எடை முழுவதையும் நூல் தாங்கவில்லை. தண்ணீருக்குள் கல்லைத் தூக்கிப் பார், லேசாக இருக்கும். கிணற்றில் குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை இழுக்கச் சுலபமாக இருக்கிறதே, அதேதான். 312-இல் 118-ஐத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளித் தாங்குகிறது. மீதி 194 நூலில் இருக்கிறது. தண்ணீர் கல்லை மேலே தள்ளினால் கல்லும் அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளல் பாத்திரம் வழியாகத் தராசுக்கு வந்து சேர்கிறது.

வேறு மாதிரியும் யோசிக்கலாம். கல் இறங்கியதும் தண்ணீர் மட்டம் ஏறுகிறது. பாத்திரத்தின் அடியில் அழுத்தம் கூடுகிறது. கல் இருக்கும் இடத்தில் தண்ணீரே இருந்தால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அதே அழுத்தம்தான்.

நியூட்டனின்_மாணவன்

முறை அருமை. ஆனால் வகுப்பில் சொல்லும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தராசு உணர்வது எடையை, அதாவது விசையை. அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நிலவுக்கு இதே தராசைக் கொண்டுபோனால் 312 கிராம் கல்லுக்கு 52 என்று காட்டும். "தராசு நிறையைக் காட்டுகிறது" என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டால் மேல் வகுப்பில் திருத்துவது கஷ்டம்.

தராசுமுள்

ஒத்துக்கொள்கிறேன். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிலவில் 312 என்பது 52 ஆனால், 118-ம் கிட்டத்தட்ட 20 ஆகிவிடும். விகிதம் அதேதான். இரண்டு எண்களையும் ஒரே தராசு, ஒரே இடத்தில் சொல்வதால், அதன் பிழையும் மேலேயும் கீழேயும் ஒரே மடங்கில் வந்து வகுத்தலில் அடிபட்டுப்போகும். நூற்றுக்கு இரண்டு கூட்டிக் காட்டுகிற மலிவுத் தராசுகூட அடர்த்தியைச் சரியாகச் சொல்லிவிடும். தராசை யாரும் முத்திரை போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை.

வடமராட்சியான்

நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் யுரேக்கா பாத்திரம், அதாவது தண்ணீர் வழிய பக்கத்தில் மூக்கு வைத்த பாத்திரம் வைத்துத்தான் கனவளவு (நீங்கள் சொல்லும் பருமன்) அளக்கிறது வழக்கம். திணிவுக்கு, அதாவது நிறைக்கு, முக்கோல் தராசு. யுரேக்கா பாத்திரத்தில் எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. மூக்கு நுனியில் கடைசித் துளி விழாமல் தொங்கி நிற்கும். அடுத்த முறை அது விழுந்துவிடும். சின்னப் பொருளுக்கு இந்த ஒரு துளியே கணக்கைக் கெடுக்கப் போதும். மூக்கில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் ஓரளவு சரிவரும்.

உங்கள் தொங்கவிடும் முறையில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் காற்றுக்குமிழியைப் பார்க்க வேண்டும். கரடுமுரடான கல், பூட்டு, சங்கிலி எல்லாம் குமிழியைக் கொண்டே தண்ணீருக்குள் இறங்கும். குமிழி இருக்கும் இடமும் பொருளின் கனவளவாகக் கணக்கில் சேர்ந்துவிடும், அடர்த்தி குறைந்து காட்டும். பொருளை முதலில் வேறொரு வாளியில் நனைத்து நன்றாகக் குலுக்கி எடுத்துவிட்டு, பிறகு அளக்கச் சொல்லுங்கோ. செங்கல், ஓடு மாதிரி நுண்துளை உள்ள பொருட்கள் தண்ணீரைக் குடிக்கும். அவற்றை முதல் நாளே ஊறப்போட வேண்டும், அல்லது இந்தப் பட்டியலில் இருந்தே விட்டுவிட வேண்டும்.

ஏழாம்வகுப்பு_டீச்சர்

நன்றி ஐயா, நன்றி தராசுமுள் சார். நேற்று மாலையே செய்து பார்த்தேன். கல்லுக்கு அழகாக வருகிறது. ஆனால் சாவிக்கு வரவில்லை. தொங்கும்போது 1 என்று காட்டுகிறது, சில சமயம் 2. வகுத்தால் எதுவும் தேறவில்லை. பிள்ளைகளுக்குக் கல்லைவிட உலோகத்தில்தான் ஆர்வம்.

காசுசேகரிப்பவன்

டீச்சர், சாவி ஒன்றுதான் இருக்கும். காசு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரே வகைக் காசை நிறையச் சேர்த்து ஒன்றாக அளக்கச் சொல்லுங்கள். தராசின் பிழை அதே ஒரு கிராம்தான், அளவு மட்டும் நாற்பது மடங்கு பெரிதாகிறது.

2011-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், அது துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். அதே வரிசையில் பொன்னிற ஐந்து ரூபாய் சரியாக 6 கிராம், அது நிக்கல் பித்தளை. ஐந்து ரூபாய் நாற்பது எடுத்தால் 240 கிராம். வெங்காயம் வாங்குகிற வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டால் 28 வரும், அடர்த்தி 8.6. ஒரு ரூபாய் நாற்பதும் சுமார் 152 கிராம், தொங்கவிட்டால் 20 வரும், 7.6. இரண்டும் வேறு உலோகம் என்று காசைக் கீறாமல், உரசாமல் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெறும் வலையை முதலில் தனியாகத் தொங்கவிட்டுப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும், பையைத் தண்ணீருக்குள்ளேயே பலமுறை குலுக்க வேண்டும். 2019 வரிசையைக் கலந்துவிடாதீர்கள். அதில் ஒரு ரூபாய் 3.09 கிராம்தான், ஐந்து ரூபாய் 6.74.

தங்கமான_சந்தேகம்

இதை வைத்து வீட்டிலேயே நகை உண்மையானதா என்று பார்க்கலாமா? அம்மாவின் பழைய சங்கிலி ஒன்று இருக்கிறது. ரசீது எதுவும் இல்லை.

பட்டறைக்காரன்

நகைப் பட்டறையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பார்க்கலாம், ஆனால் இந்தச் சோதனையால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. 22 காரட், அதாவது 916, கலந்திருப்பது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து 17.6-இலிருந்து 18 வரை வரும். ஒரு பவுன் காசு 8 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டால் 0.45 கிராம் காட்ட வேண்டும். அதே 8 கிராம் பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் 0.94 பக்கம் வரும். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம். ஆனால் ஒரு கிராம் தராசில் இது எதுவும் தெரியாது. 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு வேண்டும். அதில் 18 காரட்டையும் பிரித்துவிடலாம், 0.52 பக்கம் வரும். 22-ஐயும் 21-ஐயும் பிரிக்க முடியாது, முயற்சி செய்ய வேண்டாம்.

சின்னத் தராசில் ஒரு தொல்லை உண்டு. பூஜ்யத்தில் நிற்கும்போது மெதுவாக ஏறுகிற சின்ன எடையை அது தூசி, காற்று என்று நினைத்துத் தானாகவே மறுபடி பூஜ்யமாக்கிவிடும். நகையை மெல்ல மெல்ல இறக்கினால் பாதி கணக்கு அங்கேயே காணாமல் போகும். அதனால் பூஜ்யமாக்காதீர்கள். பாத்திரமும் தண்ணீரும் சேர்ந்து 84.36 என்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள், நகை இறங்கியபின் வருகிற எண்ணிலிருந்து கழியுங்கள். அந்தச் சின்னத் தராசு 100, 200 கிராமுக்கு மேல் தாங்காது, ஆகவே சின்ன பிளாஸ்டிக் கப்பில் செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். அடர்த்தி குறைவாக வந்தால் அதை வைத்தே நகை போலி என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே கூடாக இருக்கலாம், அரக்கு அடைத்திருக்கலாம், கல் பதித்திருக்கலாம், சங்கிலிக் கண்ணிகளுக்குள் குமிழி நிற்கலாம். அடர்த்தி சரியாக வந்தாலும் அதை முழு உத்தரவாதமாக எடுக்கக் கூடாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25. தங்கத்துக்கும் அதற்கும் தண்ணீரில் வித்தியாசமே தெரியாது. மேலே தங்கம் கனமாகப் போர்த்திவிட்டால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஆகவே அம்மா சங்கிலியை ஹால்மார்க் மையத்தில் காட்டுங்கள். புது நகை வாங்கும்போது ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் இடத்தில் நான் நம்புவது அதைத்தான், தண்ணீர்க் கப்பை இல்லை.

நியூட்டனின்_மாணவன்

ஆர்க்கிமிடீஸ் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சிராக்கூஸ் மன்னர் இரண்டாம் ஹியரோவின் கிரீடத்தில் வெள்ளி கலந்ததா என்று கண்டுபிடித்த கதை. அதை நமக்குச் சொன்னவர் ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், ஆர்க்கிமிடீஸுக்கு ஏறத்தாழ இருநூறு வருடத்துக்குப் பின்னால். கிரீடத்தைத் தண்ணீரில் போட்டு, வழிந்த தண்ணீரைத் தங்கக்கட்டிக்கு வழிந்ததோடு ஒப்பிட்டார் என்கிறது அந்தக் கதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சுத்தத் தங்கத்தின் பருமன் சுமார் 52 மில்லி. அதில் 300 கிராமை எடுத்துவிட்டு வெள்ளியைச் சேர்த்தால் 65 மில்லி. வித்தியாசம் 13 மில்லிதான். கிரீடம் நுழையும்படி 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரம் வைத்தால் மட்டத்தில் வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். விளிம்பில் தண்ணீர் வழியாமல் மேடாக நிற்குமே, அதன் உயரமே இதைவிட அதிகம். வடமராட்சியான் ஐயா சொன்ன கடைசித் துளிப் பிரச்சினையின் பெரிய வடிவம் இது.

கலிலியோவுக்கும் இந்தக் கதை ஒப்பவில்லை. 1586-இல், 22 வயதில், ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஆர்க்கிமிடீஸ் போன்ற ஒருவர் தராசின் ஒரு பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டுத்தான் நிறுத்திருப்பார் என்று சொல்லி, அப்படி ஒரு தராசைச் செய்வது எப்படி என்றும் விளக்கினார். தராசுமுள் சொன்ன முறை அதன் நேரடி வாரிசு.

மாந்தோப்பு

மூழ்குகிற பொருளாகவே பேசுகிறீர்களே. மிதப்பதற்கு என்ன வழி? மெழுகுவர்த்தி, கட்டை, ஆப்பிள்?

தராசுமுள்

மெல்லிய ஊசியால் அல்லது கம்பியால் குத்தி, முழுக்க மூழ்கும்வரை கீழே அழுத்துங்கள். அப்போது தராசு காட்டுவது பருமன். அழுத்தாமல் மிதக்கவிட்டால் காட்டுவது நிறை. மெழுகுக்கு 0.9 பக்கம் வரும். மிதக்கிற பொருளுக்கு விரல் தண்ணீரில் படவே கூடாது, விரல் மூழ்குகிற அளவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மாந்தோப்பு

நன்றி அண்ணா. நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. மாங்காய் முற்றியதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுவோம். முற்றியது மூழ்கும், பிஞ்சு மிதக்கும். முற்றியதன் அடர்த்தி 1-ஐக் கொஞ்சம்தான் தாண்டும், 1.01, 1.02 என்று. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் எந்தக் காயைப் பழுக்கப் போடுவது என்று பிரிக்கிறோம்.

காவிரிக்கரை

நெல் விதைக்கும் இதே கதைதான். நாற்றங்காலுக்கு விதை எடுக்கும்போது உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரைப் பிரிப்போம். உப்பு எவ்வளவு என்பதற்கு எங்களுக்குத் தராசு வேண்டாம், ஒரு நல்ல முட்டை போதும். வெறும் தண்ணீரில் முட்டை அடியில் கிடக்கும். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மேலே வந்து, ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரியும். அதோடு நிறுத்திவிட வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். விதையைக் கொட்டினால் பதரும் அரை விதையும் மேலே, நல்ல விதை அடியில். அள்ளிய விதையை இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

முட்டை புதிதாக இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டையில் ஈரம் வற்றி, காற்றறை பெரிதாகி, வெறும் தண்ணீரிலேயே எழும்பிவிடும். அதை வைத்து உப்புப் போட்டால் கரைசல் வீரியம் இல்லாமல் போய், பதரும் விதையோடு அடியில் தங்கிவிடும்.

ஏழாம்வகுப்பு_டீச்சர்

இது எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும், பாதிப் பேர் வீட்டில் வயல் இருக்கிறது. அந்தக் கரைசலின் அடர்த்தி எவ்வளவு இருக்கும்?

தராசுமுள்

11.5 கிலோவில் 1.5 கிலோ உப்பு, நூற்றுக்கு 13. அதற்கு 1.09 பக்கம் வரும். நல்ல முட்டை 1.08 பக்கம் இருப்பதால் மேலே கொஞ்சம் தலைகாட்டுகிறது. ஒரு முட்டை அடர்த்திமானியாக வேலை செய்கிறது.

பிள்ளைகள் நேரடியாகவே அளக்கலாம். குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்று எடுத்து வெறும் பாட்டில், தண்ணீர் நிறைத்த பாட்டில், அந்தத் திரவம் நிறைத்த பாட்டில் என்று மூன்று முறை நிறுக்கட்டும். திரவத்தின் நிறையைத் தண்ணீரின் நிறையால் வகுத்தால் அடர்த்தி. கழுத்து குறுகலாக இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்துங்கள். அகல வாய்ப் பாத்திரத்தில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே பல மில்லி தவறிவிடும். குறுகிய கழுத்தில் அதே பிசகு சில துளிகள்தான்.

உப்பளத்துக்காரன்

தூத்துக்குடி. எங்கள் வேலையே அடர்த்தியைப் பார்ப்பதுதான், நாங்கள் "டிகிரி" என்போம். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு மானி, போமே அளவு போட்டிருக்கும். கடல் தண்ணீர் 3, 3.5 டிகிரி காட்டும், அதாவது 1.025. வெயிலில் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வற்றவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவருவோம். அதற்குள் சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்பாத்திகளிலேயே படிந்துவிடும். 25-ஐத் தொட்டால், அதாவது 1.21 பக்கம் வந்தால்தான் உப்புப் பாத்தியில் ஏற்றுவோம். அங்கேதான் உப்பு பூக்கும்.

29-ஐத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசக்கும், ஈரம் இழுக்கும். அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். 25-க்கும் 29-க்கும் நடுவில் எங்கள் ஆறு மாத உழைப்பு நிற்கிறது. மழை ஒரு இரவு அடித்தால் டிகிரி விழுந்துவிடும், மறுபடி முதலில் இருந்து வற்றவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அடர்த்தி எதற்கு என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள் டீச்சர்.

சொசைட்டிப்பால்

பாலிலும் பால்மானி இருக்கிறதே. தண்ணீர் கலந்தால் பிடித்துவிடலாம் இல்லையா?

மாட்டுத்தொழுவம்

பால்மானியை மட்டும் நம்ப முடியாது. நல்ல பசும்பால் 1.028 முதல் 1.032 வரை. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1.030 பால் 1.027 ஆகும், மானி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் மிச்சப் பால் கனமாகி 1.035 பக்கம் போகும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் மறுபடி 1.030-க்கு வந்து நிற்கும், மானி "நல்ல பால்" என்று சொல்லிவிடும். இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொள்கிறது. அதனால்தான் சொசைட்டியில் மானியோடு கொழுப்புச் சோதனையும் சேர்த்துப் பார்த்து விலை போடுகிறார்கள். நேர்மையாகப் பால் ஊற்றுகிறவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. பனிக்காலத்தில் பால் குளிர்ந்திருந்தால் மானி கூடக் காட்டும், அதற்கும் திருத்தம் உண்டு.

செக்கெண்ணெய்ப்பிரியை

செக்கெண்ணெய் வாங்கும்போது எனக்கு எப்போதும் ஒரு குழப்பம். ஒரு கடையில் கிலோ கணக்கு, இன்னொரு கடையில் லிட்டர் கணக்கு. விலையை எப்படி ஒப்பிடுவது?

தராசுமுள்

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே 0.91, 0.92 பக்கம்தான். ஒரு லிட்டர் சுமார் 915 கிராம். லிட்டர் விலையை 0.915-ஆல் வகுத்தால் கிலோ விலை. லிட்டர் 300 ரூபாய் என்றால் கிலோ கிட்டத்தட்ட 328. இரண்டு கடையும் 300 என்று சொன்னால், கிலோவாகக் கொடுக்கிற கடையில் உங்களுக்கு லாபம். கிலோ விலையைச் சொல்லி லிட்டர் குவளையில் ஊற்றுகிற இடத்தில் 85 கிராம் போகும்.

எண்ணெய் சூட்டில் விரிவதும் கொஞ்சம்நஞ்சம் இல்லை. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893. முன்பு சில பாக்கெட்டுகளில் "60 டிகிரியில் ஒரு லிட்டர்" என்ற மாதிரி அச்சிட்டிருப்பார்கள், அந்த ஒரு வரியால் எண்ணெய் குறையும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் நிகர அளவைப் போடுங்கள், எடையும் பொருந்த வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. பாக்கெட்டில் கிராம் எண்ணைப் பாருங்கள். கிராமுக்கு வெயில், பனி கிடையாது.

வடமராட்சியான்

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொன்னபடியால் ஒன்று. மார்கழிக் குளிரில் போத்தலில் பாதி உறைந்து நிற்கும்போது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கோ. உறைந்தது அடியில் கிடக்கும், திரவம் மேலே. தண்ணீரில் ஐஸ் மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி 0.917. பெரும்பாலான பொருட்கள் எண்ணெய் மாதிரித்தான் நடக்கும், தண்ணீர் ஒரு விதிவிலக்கு.

ஏழாம்வகுப்பு_டீச்சர்

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. கல்லும் காசும் முதல் வாரம், பாட்டில் முறையில் உப்புத் தண்ணீரும் எண்ணெயும் அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மாணவி இரண்டு கேள்வி கேட்டாள். அரிசியின் அடர்த்தியை எப்படிப் பார்ப்பது? இட்லியின் அடர்த்தியை எப்படிப் பார்ப்பது?

தராசுமுள்

அரிசிக்கு இரண்டு அடர்த்தி உண்டு என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். 200 மில்லி தம்ளர் நிறைய அரிசி நிறுத்தால் 170 கிராம் பக்கம் வரும், வகுத்தால் 0.85. அதே தம்ளரில் சந்துகள் நிறையும்வரை தண்ணீர் ஊற்றினால் 80 மில்லிக்கு மேல் உள்ளே போகும். அப்படியானால் அரிசி மணிகள் பிடித்த இடம் 118 மில்லி பக்கம்தான், மணியின் அடர்த்தி 1.44. ஊறிவிடும் முன் சட்டென்று செய்ய வேண்டும். உழக்கு, படி, மரக்கால் எல்லாம் மணிகளுக்கு நடுவில் உள்ள சந்துகளையும் சேர்த்து அளந்தவை. அதனால்தான் குலுக்கி அளப்பதா, குலுக்காமல் அளப்பதா, தலை தட்டுவதா, கோபுரமாக விடுவதா என்று களத்துமேட்டில் அத்தனை தகராறு.

இட்லியைத் தண்ணீரில் விட முடியாது. ரொட்டி சுடுகிறவர்கள் ரொட்டியின் பருமனை அளக்கச் சின்ன விதைகளைப் பயன்படுத்துவார்கள். நமக்குக் கேழ்வரகு அல்லது கடுகு போதும். ஒரு டப்பா நிறையக் கேழ்வரகு கொட்டி, அளவுகோலால் தலை தட்டி, முழுவதையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும். நன்றாக ஆறின இட்லியை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றி டப்பாவில் வைத்து, அதே கேழ்வரகை மறுபடி கொட்டித் தலை தட்டட்டும். உள்ளே போகாமல் மிஞ்சிய கேழ்வரகின் பருமன்தான் இட்லியின் பருமன்.

ஏழாம்வகுப்பு_டீச்சர்

கொட்டும்போது டப்பாவைத் தட்டலாமா?

தராசுமுள்

இரண்டு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். தட்டுவதென்றால் இரண்டிலும் தட்ட வேண்டும். நான் தட்ட வேண்டாம் என்பேன், இட்லி அமுங்கிவிடும். ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில், புனல் வழியாகக் கொட்டினால் போதும். மிஞ்சியதை அளக்க அந்த 100 மில்லி ஜாடியையே எடுத்துக்கொள்ளலாம்.

மாந்தோப்பு

கல்தோசைக்கும் இது வருமா அண்ணா?

தராசுமுள்

வரும். ஒரு தோசையாக வைக்காமல் பத்தை அடுக்கி வையுங்கள், காசுக்குச் செய்த மாதிரி. அடுக்கின் ஓரத்தில் கேழ்வரகு இடுக்குகளுக்குள் போகாமல் நின்றுவிடும், அதனால் உறையை இறுகச் சுற்றுவது இங்கே இன்னும் முக்கியம்.